கண்டி பார்களில் கறுப்பு பியர்: பல வருட அனுபவம்

கண்டியில் நல்ல ஸ்டவுட், அதாவது வறுத்த மால்ட்டில் காய்ச்சிய கறுப்பு பியர், கிடைக்குமா என்று யாராவது கேட்டால், போத்தல் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஊற்றத் தெரிந்த கைதான் கிடைக்காது என்பேன். நம் நாட்டு லயன் ஸ்டவுட்டோடு எனக்குப் பல வருடப் பழக்கம். வேலை கண்டியில், வீடு நுவரெலியாவில். இரண்டு ஊரிலும் அதே போத்தல், அதே 8.8 சதவீத மதுசாரம். ஆனாலும் வார நாளில் கண்டியில் குடித்தது ஒரு ருசி, சனிக்கிழமை வீட்டில் குடித்தது இன்னொரு ருசி. வேலைக் களைப்பு, வீட்டு நிம்மதி என்று சொல்லித் தப்பிக்கலாம். அதெல்லாம் இல்லை. விஷயம் ஃபிரிட்ஜில் தொடங்குகிறது.

பார்களில் லாகருக்கும் (வழக்கமான பொன்னிற பியர்) ஸ்டவுட்டுக்கும் ஒரே ஃபிரிட்ஜ். லாகருக்கு அந்தக் குளிர் சரி, வெயிலில் நடந்து வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? ஸ்டவுட்டை அப்படிக் குடித்தால் வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) கசப்பும் மதுசாரத்தின் எரிவும் மட்டும் நாக்கில் நிற்கும். உள்ளே இருக்கிற கோப்பி வாசம், கறுப்புச் சொக்லேட், கித்துள் பாணியை லேசாக அடிபிடிக்க விட்டது போன்ற அந்த இனிப்பு, ஒன்றும் வெளியே வராது. இவ்வளவு கனமான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 பாகை செல்சியஸ்தான் பொருத்தம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதக் காலையில் புல்லில் உறைபனி படிகிற ஊர். எங்கள் வீட்டில் போத்தலை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும், ஃபிரிட்ஜ் பக்கமே போகத் தேவையில்லை.

கண்டி 500 மீற்றர் அளவுதான். அறைச் சூட்டில் கிடந்ததை அங்கே குடிக்க முடியாது, ஃபிரிட்ஜில் இருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் போத்தலை வாங்கி, மூடி திறக்காமல் மேசையில் வைத்துக்கொண்டு, கொறிக்க பைட்ஸுக்குச் சொல்லிவிட்டு இருப்பேன். கால் மணித்தியாலம், இருபது நிமிடம் போகட்டும். பார்ப் பையனுக்கு இருப்புக் கொள்ளாது. “அண்ணே, உடைக்கவா?” என்று இரண்டு தரம் வந்து நிற்பான். “இருக்கட்டும் தம்பி, கொஞ்சம் சூடேறட்டும்” என்றால், இந்த ஆளுக்கு என்ன நடந்தது என்கிற மாதிரி ஒரு பார்வை.

அடுத்தது நுரை. இதில்தான் எனக்கும் பார்க்காரர்களுக்கும் ஒத்துப்போவதே இல்லை. நம் ஆட்களைப் பொறுத்தவரை நுரை என்றால் ஏமாற்று வேலை. காசு கொடுத்தது பியருக்கு, காற்றுக்கு இல்லை. நுரையோடு கிளாஸைக் கொண்டுவந்து வைத்த பையன் ஏச்சு வாங்கியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் அவர்கள் கிளாஸைப் படுக்கப் போட்டு, ஓரத்தோடு வழியவிட்டு, விளிம்புவரை தட்டையாக நிரப்பப் பழகிவிட்டார்கள். பார்க்க ஆறிப்போன கோப்பித்தான். வாயு முழுவதும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், அது வயிற்றுக்குள் போய்த்தான் வெளியேறும். ஏப்பம் வருகிறது, வயிறு உப்புகிறது என்று ஸ்டவுட்டைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. வாசமும் நுரை வழியாகத்தான் மூக்குக்கு வருகிறது. இரண்டு விரல் உயரத்துக்கு மண் நிறத்தில் நுரை நின்றால்தான் அது ஸ்டவுட்.

கிளாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை நிற்கவே நிற்காது. பால் குடித்த கிளாஸும் சாப்பாட்டுத் தட்டும் ஒரே தொட்டியில் கழுவுப்பட்டு வருகிற இடங்களில் எவ்வளவு நன்றாக ஊற்றினாலும் பயனில்லை. கண்டியில் நான் அடிக்கடி போன ஓர் இடத்தை இதற்காகவே விட்டுவிட்டேன். இருக்கை நல்லது, ஆட்கள் நல்லவர்கள், காரமாகப் பிரட்டிய டெவல்ட் போர்க் அருமை. கிளாஸ் மட்டும் எப்போதும் மீன் வாசம். இப்போது எங்கே போனாலும் வெறும் கிளாஸை முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பிறகு பச்சைத் தண்ணீர் கேட்டு ஒரு தரம் அலசிக்கொள்வேன். ஈரக் கிளாஸில் நுரை கண்டபடி பொங்காது.

ஊற்றுவதை நானேதான் செய்கிறேன். கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி, கீழே வைத்து நுரை இறுகும்வரை ஒரு நிமிடம், பிறகு கிளாஸை நிமிர்த்தி நடுவில் நேராக மிச்சம். நுவரெலியாவில் இதையே இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் வாயு சீக்கிரம் கிளம்பிவிடும். கொழும்பிலிருந்து வருகிற நண்பர்கள் அங்கே ஊற்றுகிற வேகத்தில் ஊற்றி மேசைத் துணியை நனைப்பது எங்கள் வீட்டில் வழக்கமான காட்சி.

லண்டனில் இருக்கிற மச்சான் ஒரு லீவுக்கு அயர்லாந்து ஸ்டவுட்டான கின்னஸ் டின்கள் கொண்டுவந்தான். டின்னை ஆட்டினால் உள்ளே ஒரு சின்னப் பந்து உருளும். கின்னஸ் குழாயில் வருவது 1959 முதல் நைதரசன் கலந்த வாயுவோடு. அந்த மாதிரி நுரையை டின்னுக்குள்ளும் கொண்டுவர 1988இல் ஒரு கருவியைப் போட்டார்கள், அதுதான் பிற்பாடு இந்தப் பந்தாக மாறியது. திறந்தவுடன் அதிலிருந்து வாயு பீறிட்டு, பியர் முழுவதும் பொடிப்பொடிக் குமிழியாகிவிடும். கிளாஸ் ஓரத்தில் குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்கும். நடுவில் மேலே ஏறுகிற பியர் ஓரத்தில் திரும்பிக் கீழே வரும்போது, பொடிக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாரில் ஒழுங்காக ஊற்றி முடிக்க 119.5 விநாடி என்று கின்னஸ்காரர்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அரை விநாடி வரைக்கும் கணக்குப் பார்ப்பது கொஞ்சம் விளம்பரம்தான், ஆனாலும் இரண்டு தடவையாக ஊற்றுகிற அந்தப் பொறுமைக்குப் பலன் இருக்கிறது. ருசியில்? மன்னிக்கவும் மச்சான், எனக்கு அது தண்ணீர். 4.2 சதவீதம்தானே. நுரை பட்டு மாதிரி இருந்தது, அதற்குக் கீழே நான் தேடியது இல்லை. லயன் போத்தலில் இருப்பது சாதாரண காபனீரொட்சைட்டு, அதன் நுரை அவ்வளவு நேரம் நிற்காது. அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

குழாயில் ஸ்டவுட் வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. நான் போகிற கண்டி பார்களில் குழாயில் வருவதெல்லாம் லாகர்தான். ஒரு காலத்தில் இப்படி இல்லை. பியரைப் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்ற மைக்கல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை, இங்கிலாந்துக்காரர், 2007இல் காலமானார்) இதே கண்டியில் மரப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்த லயன் ஸ்டவுட் குடித்ததைப் பதிவு செய்திருக்கிறார். இந்த ஸ்டவுட்டை வெளிநாட்டுக்காரர்கள் தேடி வரத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. லயனின் கதை 1881இல் நுவரெலியாவில் தொடங்குகிறது. மலைக் குளிரை நம்பித்தான் வெள்ளைக்காரர்கள் அங்கே பியர் காய்ச்சினார்கள். 1990களின் கடைசியில் உற்பத்தி கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பியகமவுக்கு இறங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பியர் இப்போது கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வருகிறது. 2016 மே வெள்ளத்தில் அந்தத் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து வேலை நின்றபோது, மலையில் கறுப்புப் போத்தலைக் கண்ணால் காண முடியவில்லை. அந்த மாதங்களில் நான் நிறையத் தேநீர் குடித்தேன்.

வீரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். 8.8 சதவீதம் என்றால் அதில் 55 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம் இருக்கிறது, அதாவது குழாய்க் கின்னஸ் இரண்டு பைண்டைவிட அதிகம். ஒரு போத்தல்தானே என்று எழும்பி, கண்டி–நுவரெலியா வீதியின் றம்பொடை வளைவுகளில் வண்டி ஓட்டப் போகாதீர்கள். தோட்டப் பக்கம் இன்னும் சிலர் முட்டை அடித்து ஊற்றி, உடம்புக்குப் பலம் என்று குடிக்கிறார்கள். 1929இல் கின்னஸ் விளம்பரமே உடம்புக்கு நல்லது என்றுதான் சொன்னது. பலம் முட்டையில் இருக்கலாம். எனக்கு அந்தக் கலவை தொண்டையில் இறங்கவில்லை.

சாப்பாட்டில், காரமான டெவல்டைவிட, நெருப்பில் வாட்டிய பன்றி இறைச்சியோ வறுத்த கச்சானோதான் இதற்குச் சேரும். மிளகாய் கூடினால் கசப்பும் கூடித் தெரியும். கேக் துண்டோடு குடித்துப் பாருங்கள் என்றால் சிரிக்கிறார்கள். நத்தாருக்குச் செய்கிற கிறிஸ்மஸ் கேக்கோடு ஒரு தடவை பாருங்கள், பிறகு சிரிக்கலாம்.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு: கண்டியில் கூட்டம் சேருமுன், மாலை பார் திறந்தவுடனே போங்கள், ஆறுதலாக இருக்கலாம், கிளாஸும் கழுவி அடுக்கியபடி இருக்கும். ஹட்டன் டவுனில் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிற இடங்கள்தான் அதிகம், ஸ்டவுட்டுக்கு அவை ஒத்துவராது, டின் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது மேல். நுவரெலியாவில் 1876இலிருந்து இருக்கிற ஹில் கிளப்பின் சூழல் அருமை, ஆனால் இரவில் கோட்டும் டையும் கேட்பார்கள். நான் போவது வருடத்துக்கு ஏதோ ஒரு நாள். ஏப்ரல் சீசனில் எல்லா இடமும் நெரிசல், ஆனால் போத்தல்கள் வேகமாக விற்றுப்போவதால் சரக்கு புதிதாக இருக்கும். மற்ற மாதங்களில் லேபிளில் திகதியைப் பார்த்து வாங்குங்கள். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுவதும் பார் பூட்டு, வெசாக்கில் இரண்டு நாள். ரயிலில் வருகிறவர்கள் டிக்கட் போடுமுன் கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.