அம்மாவின் இடுப்பு அறுவையும் என் ஐந்து வார விடுப்பும்

குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, மறுநாளே பாதி மூட்டு மாற்று அறுவையும் (இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து போன்ற தலையை மட்டும் மாற்றுவது) முடிந்திருந்தது. நான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். வயதானவர்களின் இடுப்பு முறிவில் அறுவையைத் தள்ளிப்போடப் போட நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், இரத்தக்கட்டு என்று சிக்கல்கள் கூடும் என்பதால், அந்த வேகத்துக்காக மருத்துவமனையைப் பாராட்டத்தான் வேண்டும். அறுவைக்கு மறுநாள் காலையிலேயே அவரை எழுப்பி, வாக்கரைப் பிடித்து நான்கு அடி நடக்கவும் வைத்திருந்தார்கள்.

குறை, வீடு திரும்பிய நாளில்தான் தெரிந்தது. கையில் கொடுத்த தாளில் மாத்திரைகளின் பட்டியலும் தையல் பிரிக்க வரவேண்டிய தேதியும் இருந்தனவே தவிர, எப்படி உட்காருவது, எவ்வளவு நடப்பது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும் சார்" என்றார்கள். வீட்டில் எல்லோரும் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் முதல் செய்தித்தாள் வரை அனைத்தும் கட்டிலுக்கே வந்தன. கொண்டுவந்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நான்கே நாள்களில், மருத்துவமனையில் எழுந்து நின்றவர் எழுந்திருக்கவே அஞ்சினார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், அம்மாவைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்த்தார். தரைவிரிப்பைச் சுருட்டி எடுக்கச் சொன்னார்; அம்மா நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டபோது மணிக்கட்டு மடிப்பு இருந்த உயரத்துக்கு வாக்கரின் பிடியை இறக்கினார். தாழ்வான நாற்காலிக்குப் பதில், உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி உயரமான ஒன்றைப் போட்டார். கழிப்பறை இருக்கையின் மேல் பொருத்தும் உயர்த்தியையும் வாங்கச் சொன்னார். மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்பதால், அங்குள்ள தசையும் மூட்டுறையும் ஆறும்வரை மாற்றிய பந்து, அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து நழுவ இடமுண்டு. ஆகவே இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, காலை உட்புறம் திருப்பக்கூடாது என்று அவர் காரணத்தோடு சொன்ன பிறகுதான், இரு கால்களுக்கும் இடையே தலையணை வைத்துத் தூங்க அம்மா சம்மதித்தார்.

வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்தே பயிற்சி. பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தல், குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முழங்காலை அளவோடு மடக்குதல் என்று தொடங்கி, இரண்டாம் வாரம் நின்றபடி காலைப் பக்கவாட்டில் விரிக்கும் பயிற்சிக்கு வந்தார். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்பதை மட்டும் ஒரு வாரம் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார்.

ஒரு நிறுவனம் அனுப்பிய பராமரிப்புப் பணியாளர் அன்பானவர்தான். ஆனால் அம்மாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். நாற்காலியின் கைகளை ஊன்றி அவரே எழட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும் என்று அவருக்கும் இயன்முறை மருத்துவர்தான் கற்பிக்க நேர்ந்தது. அந்தப் பயிற்சியை நிறுவனமே கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

மூன்றாம் வாரம் கெண்டைக்கால் வீங்கி வலித்தது. அறுவை செய்த கால் ஓரளவு வீங்குவது வழக்கம்தான் என்றாலும், இரத்தக்கட்டாக இருந்து அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால் அன்றே ஸ்கேன் எடுத்தோம். கட்டு இல்லை. இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மருந்தை மட்டும் நாள் தவறாமல் தொடரச் சொன்னார்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்தே இடுப்பு எலும்பு முறிந்தால், எலும்பு முன்பே மெலிந்திருக்கிறது என்று பொருள். அதை அதுவரை ஒருவரும் பேச்சில்கூட எடுக்கவில்லை. நானாகக் கேட்ட பிறகே எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் வைட்டமின் டி சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். நான் கிளம்பிய அன்று அம்மா கைத்தடியை ஊன்றி வாசல்வரை வந்தார். அறுவை செய்தது வலப்பக்கம். தடி, சொல்லிக்கொடுத்தபடியே, இடக்கையில் இருந்தது.