பெங்களூரில் பத்தாவதுக்குப் பிறகு: அரசு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பி.யூ.சி. ஓர் ஒப்பீடு

ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் விவேக்நகரிலும் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்ததும் தமிழர் வீடுகளில் எழும் கேள்வி: ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, பி.யூ.சி.யா (பிளஸ் டூ)? மார்க் இருந்தால் பி.யூ.சி. சயின்ஸ், இல்லையென்றால் ஐ.டி.ஐ. என்று பிரிப்பது சரியான அளவுகோல் அல்ல. முதலில் வருடக் கணக்கைப் போடுங்கள்.

பி.யூ.சி. 2, பி.இ. 4, மொத்தம் 6. பாலிடெக்னிக் டிப்ளமோ 3 வருடம், பிறகு கே.இ.ஏ. (கர்நாடகத் தேர்வு ஆணையம்) நடத்தும் டி.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னும் 3, அதுவும் 6 தான். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், டர்னர் போன்ற ஐ.டி.ஐ. டிரேடுகள் (தொழிற்பிரிவுகள்) 2 வருடம். அதை முடித்து லேட்டரல் என்ட்ரியில், அதாவது முதல் வருடத்தைத் தாண்டி, டிப்ளமோ மூன்றாம் செமஸ்டரில் நுழைந்தால் 2, அதன்பின் பி.இ. 3, மொத்தம் 7. நீளமான வழிக்கே ஒரு வருடம்தான் கூடுதல்.

வித்தியாசம், நடுவில் படிப்பு நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்பதில் இருக்கிறது. பி.யூ.சி. சயின்ஸோடு நின்ற பையனுக்குத் தொழில் எதுவும் கைவசம் இல்லை. அவனும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம்தான். ஆனால் நேராகச் சேர்ந்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். ஐ.டி.ஐ. முடித்தவன் 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் உதவித்தொகையோடு பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ரயில்வே டெக்னீஷியன் தேர்வும் எழுதலாம். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் என்றால் டிப்ளமோ வேண்டும்.

வீட்டுக்கு இரண்டு வருடத்தில் வருமானம் தேவை என்றால் ஐ.டி.ஐ. தான். கர்நாடகத்தில் 150 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜீஸ் கூட்டில் சுமார் 4,700 கோடி ரூபாயில் தரம் உயர்த்தப்பட்டு 2022 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்டன. விண்ணப்பிக்கும் ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். ஃபிட்டரில் முதல் மாதங்கள் அரம் போடுவது, மார்க்கிங், ஹாக்ஸா என்றே போகும். சலித்துப்போய் நின்றுவிடுகிற பிள்ளைகள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர் காலிப்பரைப் பிழையில்லாமல் படிக்கும் கைப்பழக்கம் இங்கேதான் வருகிறது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும். தனியார் ஐ.டி.ஐ. என்றால், சேரும் டிரேடுக்கே மத்திய அரசின் டி.ஜி.டி. (பயிற்சித் தலைமை இயக்குநரகம்) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது.

மூன்று வருடம் தாங்கக்கூடிய குடும்பத்துக்கு என் பரிந்துரை அரசு பாலிடெக்னிக். சறுக்கும் இடம் கணக்கு. முதல் வருடக் கணக்குத் தாளில் அரியர் வைத்தால் அது கடைசி வரை கூடவே வரும். பி.இ.க்குப் போனாலும் விடாது: வி.டி.யூ.வில் (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) லேட்டரல் மாணவர்களுக்குக் கூடுதல் கணக்குத் தாள் உண்டு. கருவி, அச்சு செய்வதில் ஆர்வமிருந்தால் அரசுக் கருவிக்கூடப் பயிற்சி மையமான ஜி.டி.டி.சி.யின் டூல் அண்ட் டை டிப்ளமோவையும் பாருங்கள். 3 வருடப் படிப்பு, நான்காம் வருடம் தொழிற்சாலைப் பயிற்சி. கட்டணம் அரசு பாலிடெக்னிக்கைவிட அதிகம்.

பி.யூ.சி. சயின்ஸ், கணக்கும் இயற்பியலும் உண்மையிலேயே பிடித்த பிள்ளைக்கு மட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நம் தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது காகிதத்தில். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம் என்றால் அதற்கான ஆதாரங்களோடு நாடகச்சேரி என்னும் வருவாய்த்துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.டி. எண் (சான்றிதழ் எண்) உள்ள சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கர்நாடகத்தில் படித்த வருடங்களுக்கு ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகப் படிப்புச் சான்று கேட்டு வாங்குங்கள். அடுத்தது இனிஷியல். மார்க்ஸ் கார்டில் இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் ஆன்லைன் சரிபார்ப்பில் விண்ணப்பம் நின்றுவிடலாம். மார்க்ஸ் கார்டில் வரப்போகும் பள்ளிப் பதிவுப் பெயர்ப்படியே ஆதாரைத் திருத்துங்கள், அதையும் பத்தாவது பரீட்சைக்கு முன்பே.