தயிர்சாதமா, பொடி இட்லியா, சப்பாத்தியா? மதியம் பன்னிரண்டரைக்கு யார் ஜெயிப்பது

காலை ஏழு மணிக்கு நாம் ருசி பார்த்து டப்பாவில் அடைப்பதைக் குழந்தை பன்னிரண்டரைக்குத்தான் திறக்கிறாள். ஆகவே இந்த ஒப்பீட்டில் அடுப்படி ருசிக்கு மதிப்பெண் கிடையாது. ஐந்தரை மணி நேரம் மூடிக் கிடந்த பிறகு எது சாப்பிடும்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. என் மகள் இரண்டாம் வகுப்பு. சோதனைக்கூடம் அவள் டப்பாதான்.

தயிர்சாதத்தில் பலரும் செய்யும் தவறு, வீட்டில் உடனே சாப்பிடுவதுபோலத் தயிரை ஊற்றிப் பிசைந்து அனுப்புவது. மதியத்துக்குள் புளித்து, கட்டியாக இறுகிவிடும். சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு ஒரு கரண்டித் தயிர் போதும். மீதியை டப்பாவே உறைய வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தயிரை இன்னும் குறைக்க வேண்டும், மார்கழியில் கொஞ்சம் கூட்டலாம். கேரட் துருவலும் மாதுளை முத்துகளும் சேர்த்தால் எங்கள் வீட்டில் மறுப்பில்லை. வெள்ளரிக்காய் நீர் விட்டுவிடுகிறது. தாளிப்பில் பச்சை மிளகாய் மட்டும் வேண்டாம். ஒரு துண்டு கடிபட்டால் அன்றைக்கு டப்பா மூடியாயிற்று.

பொடி இட்லிக்குத்தான் என் ஓட்டு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவு, அதன்மேல் பருப்பும் எள்ளும் வறுத்து அரைத்த பொடி: புரதக் கணக்கில் வெறும் சோற்றைவிட மேல். நல்லெண்ணெய்ப் பூச்சு இட்லியை வறண்டுபோக விடாது. குட்டி இட்லி என்றால் பக்கத்து இருக்கைத் தோழியோடு பேசிக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். உணவு இடைவேளையில் பேச்சுத்தானே முக்கியம். ஒரே நிபந்தனை, நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். ஆவியோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் சொட்டி, இட்லி ஊறிக் கூழாகிவிடும். காய்கறி இல்லை என்ற குறை உண்மைதான். மாவில் கேரட் துருவிக் கலந்தேன், ஏற்றுக்கொண்டாள். பீட்ரூட் கலந்த ரோஸ் நிற இட்லிகள் பதினான்கும் எண்ணிக்கை குறையாமல் வீடு திரும்பின.

சப்பாத்தி பெரிய பிள்ளைகளுக்கு. ஆறினால் தோல்போல இழுபடுவதை, பால் ஊற்றிப் பிசைந்து, துணியில் சுற்றி வைத்தால் ஓரளவு தவிர்க்கலாம். ஆனால் பிய்த்து, தொட்டு, வாயில் வைக்க இரண்டு கையும் வேண்டும். ஒருநாள் குருமாவைத் தனிச் சம்படத்தில் வைத்து அனுப்பினேன். மாலையில் குருமா அப்படியே இருந்தது. சப்பாத்தியில் பாதி மட்டும் காணோம். "மூடி திறக்கவே வரவில்லை அம்மா" என்றாள். சிந்திவிடுமே என்று அழுத்தி மூடியது நான்தான். அன்றுமுதல் புது டப்பா வாங்கினால், அவள் கையால் மூன்று முறை திறந்துகாட்டிய பிறகே பள்ளிக்குப் போகிறது. குருமாவுக்குப் பதில் முட்டைப் பொடிமாஸையோ பனீரையோ உள்ளே வைத்துச் சுருட்டி, இரண்டாக வெட்டி அனுப்பினால் இந்தச் சிக்கலே இல்லை.

நூடுல்ஸ் மதியத்துக்குள் ஒரே உருண்டையாகிவிடும். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எலுமிச்சைச் சாதம் அவசரத்துக்கு உதவும். அடுப்பை அணைத்த பிறகு சாறு பிழிந்தால் கசக்காது. தனியே பார்த்தால் சத்து குறைவு. பக்கத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்தால் கதை மாறும்: சுண்டலில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சையின் வைட்டமின் சி கைகொடுக்கும்.

இப்போதைக்கு வாரத்தில் இரண்டு நாள் பொடி இட்லி, ஒரு நாள் தயிர்சாதம், ஒரு நாள் சுருட்டிய சப்பாத்தி என்று ஓடுகிறது. வியாழக்கிழமைதான் தகராறு. போன வாரம் எலுமிச்சைச் சாதமும் சுண்டலும் கட்டினேன். சாதத்திலிருந்த வேர்க்கடலை மட்டும் காலி.