கப்பலில் துணி துவைக்க எது தேவலை: வாஷ்பேசினா, லாண்டரிப் பையா, மெஷினா?

சென்னையில் ஏறி இரண்டு மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு இறங்குகிறவர்களுக்கும், சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம் போகிறவர்களுக்கும் இந்த அலசல் தேவையில்லை. அழுக்கையெல்லாம் ஒரு பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். பார்சிலோனாவிலோ ரோமுக்குப் பக்கத்திலிருக்கும் சிவிட்டாவெக்கியாவிலோ ஏறி 7, 10, 14 இரவு என்று போகும்போதுதான் சிக்கல். விமானப் பயணமும் ஹோட்டலில் தங்கும் நாட்களும் சேர்ந்தால் பத்து நாள் பயணம் பதினான்காகிவிடும். கப்பலில் பெட்டிக்கு எடை பார்ப்பதில்லை, விமானத்தில் பார்ப்பார்கள். அலமாரியும் இரண்டு பேர் துணிக்கே திணறும்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: கப்பலில் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் மெஷின், கப்பல் லாண்டரிக்குப் போடுவது, துறைமுக ஊரில் கடை தேடுவது, அறையின் வாஷ்பேசினில் கையால் அலசுவது. என் ஓட்டு வாஷ்பேசினுக்கு. துணைக்குப் பயண நடுவில் ஒரே ஒரு லாண்டரிப் பை. இது இரண்டு வாரம் வரையிலான பயணத்துக்கான கணக்கு. மாதக்கணக்கில் உலகம் சுற்றுகிறவர்களுக்கும், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் கணக்கு மாறும்.

மெஷின் விஷயத்தில் முதல் கேள்வி, அது கப்பலில் இருக்கிறதா என்பதுதான். கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி நிறுவனங்களின் கப்பல்களில் காசு கொடுத்துப் பயன்படுத்தலாம். குனார்டிலும் வைக்கிங்கின் கடல் கப்பல்களிலும் இலவசம். ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, எம்.எஸ்.சி., கோஸ்டா ஆகியவற்றில் பயணிகளுக்கு மெஷினே கிடையாது. மத்தியதரைக் கடலில் எங்கே பார்த்தாலும் எம்.எஸ்.சி., கோஸ்டா கப்பல்கள்தான் என்பதால், அங்கே போகும் பலருக்கு இந்த வழி புக்கிங் அன்றே அடைபட்டுவிடுகிறது.

காசு கொடுக்கும் இடங்களில் ஒரு தடவை துவைக்கச் சுமார் 3 முதல் 4 டாலர், டிரையருக்கு அதே அளவு தனியாக. துவைக்க 35–40 நிமிடம், காய 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். அதாவது காத்திருக்காமல் மெஷின் கிடைத்தாலே ஒன்றரை மணி நேரம் போய்விடும். கரை தொடாத நாளில் காலை 9 முதல் 12 வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ரேஷன் கடை வரிசை தோற்றுவிடும். எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிய பிறகு, அல்லது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போனால் மெஷின் காலியாக இருக்கும். சுற்று முடியும் நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தாமதித்தால் அடுத்தவர் உங்கள் ஈரத் துணியை எடுத்து மேஜைமேல் குவித்துவிடுவார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. டிரையர் காய வைக்கவில்லை என்றால் பத்துக்கு எட்டு முறை பஞ்சு வடிகட்டிதான் காரணம். முந்தையவர் எடுக்காமல் விட்ட பஞ்சு காற்றை அடைத்திருக்கும். தட்டை உருவி, ஒரு தடவை வழித்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

துறைமுக ஊரில் கடை தேடுவதைச் சுருக்கமாகவே சொல்லலாம்: வேண்டாம். கப்பல் ஊரில் நிற்பது எட்டு மணி நேரம். அதில் நடை, சில்லறை, காத்திருப்பு என்று இரண்டு மணி நேரத்தை மெஷின் முன்னால் உட்கார்ந்து கழிக்கவா அவ்வளவு தூரம் போகிறோம்? ஏறுவதற்கு முந்தைய நாளோ இறங்கிய மறுநாளோ ஹோட்டலில் தங்கினால் அது வேறு கதை. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் "லவண்டெரியா" என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

அடுத்தது கப்பல் லாண்டரி. அலமாரிக்குள் ஒரு பையும் விலைப் பட்டியலும் இருக்கும். உருப்படிக்கு இவ்வளவு என்று போட்டால் கை சுடும்: டீ-ஷர்ட்டுக்கு 2 முதல் 4 டாலர், பேன்ட்டுக்கு 5, 6 என்று போகும், அவசரம் என்றால் அதற்கு மேல் கூடுதல் கட்டணம். ஒரு ஜட்டியைத் துவைக்கக் கொடுக்கும் காசில் உள்ளூரில் புதிதே வாங்கிவிடலாம். ஆகவே முதல் இரண்டு நாளில் அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். பல கப்பல்களில் பயணத்தின் நடுவில் "பை நிறைய அடைத்துக்கொள்ளலாம், ஒரே விலை" என்று ஒரு சீட்டு அறைக்கு வரும். 25 முதல் 40 டாலர், நம் காசில் ஏறக்குறைய 2,000லிருந்து 3,500 ரூபாய். வரவில்லை என்றால் அறையைச் சுத்தம் செய்ய வரும் கேபின் ஸ்டூவர்டிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பையில் துணியை மடித்து அடுக்காமல் பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டிச் செருகினால் நிறையக் கொள்ளும். வாய் மூட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சீட்டைப் படித்துப் பாருங்கள், சில இடங்களில் பனியன், ஜட்டி, சாக்ஸ், டீ-ஷர்ட், அரைக்கால் சட்டை போன்றவற்றுக்கு மட்டும்தான் அந்த விலை. துவைத்து மடித்துத் தருவார்கள், இஸ்திரி கிடையாது. திரும்பி வர ஒன்று அல்லது இரண்டு நாள் ஆகும். பயணத்தின் கடைசி இரண்டு நாளில் வாங்கவே மாட்டார்கள். கொடுக்கும் முன் உருப்படிகளைக் கட்டிலில் பரப்பி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், ஒன்று குறைந்தால் பேச வசதி.

போடக் கூடாதவை: கைத்தறிச் சட்டை, சுங்குடி, புதிதாக எடுத்த எந்த அடர்நிறப் பருத்தியும், பட்டு, எலாஸ்டிக் அதிகமுள்ள உள்ளாடை. எல்லோர் துணியும் ஒரே சூட்டில் துவைபட்டு, பெரிய டிரையரில் சூடாகச் சுழலும் இடம் அது. பருத்தி ஒரு சுற்று சுருங்கும், சாயம் இறங்கும். ஏதாவது பாழானால் என்ன தருவோம் என்று பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்தால் பட்டுச் சேலையைக் கொடுக்க மனசு வராது.

இனி வாஷ்பேசின். துவைப்பது இதில் ஒரு வேலையே இல்லை. காய வைப்பதுதான் வேலை. நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது துணி காய்வதுதான். வெயிலில் கொடி கட்டி ஒரு மணி நேரத்தில் உலர்த்திப் பழகிய நமக்கு அது உடனே உறைப்பதில்லை. பால்கனி அறை எடுத்திருக்கிறோமே, அங்கே போடலாமே என்று தோன்றும். பெரும்பாலான கப்பல்கள் அதற்குத் தடை வைத்திருக்கின்றன. தடை இல்லாவிட்டாலும் கடல்காற்றில் இருக்கும் உப்பும் ஈரமும் துணியைப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும், காற்று அடித்தால் துணி போன இடமும் தெரியாது.

அறைக்குள்ளேயே காய வேண்டும் என்றால் முதல் முடிவு வீட்டில், பெட்டி கட்டும்போதே எடுக்க வேண்டியது: என்ன துணி? பாலியெஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரத்தை உள்ளே வாங்காது. பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 சதவீதம் வாங்கும். நனைத்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. பாலியெஸ்டரில் தண்ணீர் இழைகளுக்கு நடுவே நிற்கிறது, பருத்தியில் இழைக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. அதனால் மெல்லிய விளையாட்டு டீ-ஷர்ட் 6–8 மணி நேரத்தில் காயும். சாதாரணப் பருத்தி பனியனுக்கு 12லிருந்து 18 மணி நேரம். கனமான பருத்தி டீ-ஷர்ட் மறுநாள் ராத்திரியும் ஈரமாகவே இருக்கும். ஜீன்ஸை நினைக்கவே வேண்டாம், இரண்டு நாள் தொங்கி, நாறித்தான் இறங்கும். மெதுவாகக் காயும் துணியில் கிருமி வளர நேரம் கிடைக்கிறது. நாற்றத்துக்குக் காரணம் அதுதான், சோப்புப் போதாமல் இல்லை.

கணக்கு இப்படி: ஆளுக்கு நான்கு செயற்கை இழை டீ-ஷர்ட், ஐந்து செட் உள்ளாடை (முடிந்தால் நைலான் கலந்தது), நான்கு ஜோடி சாக்ஸ். மற்றவை உங்கள் இஷ்டம், பருத்தியே இருக்கட்டும், அவற்றுக்குத்தான் அந்த ஒரு லாண்டரிப் பை.

செய்முறை. அறையில் இருப்பவர்கள் எல்லோரும் குளித்து முடித்த பிறகுதான் துவைக்க வேண்டும். துணியைத் தொங்கவிட்ட பிறகு யாராவது வெந்நீரில் குளித்தால் ஆவி முழுவதும் துணியில் ஏறி, மூன்று மணி நேரம் காய்ந்தது வீணாகும். பேசின் அடைப்பான் சரியாகப் பொருந்தாமல் தண்ணீர் கசிவது அடிக்கடி நடக்கும். தட்டையான ரப்பர் அடைப்பான் ஒன்று கொண்டுபோனால் எந்த பேசினுக்கும் ஆகும். பாதிக்கு மேல் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் திரவ சோப்பு. அதற்கு மேல் வேண்டாம். கப்பலில் கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், கொஞ்சம் சோப்பே நுரைத்துத் தள்ளும். போர் தண்ணீர்ப் பழக்கத்தில் தாராளமாக ஊற்றினால் ஐந்து தடவை அலசினாலும் வழவழப்பு போகாது. சோப்பு மிச்சமிருந்தால் துணி காயவும் நேரம் பிடிக்கும், உடம்பிலும் அரிக்கும்.

ஒரு நேரத்தில் இரண்டு டீ-ஷர்ட், இரண்டு உள்ளாடை, ஒரு ஜோடி சாக்ஸ். இதற்கு மேல் போனால் பேசினும் தாங்காது, கொடியும் தாங்காது. பதினைந்து நிமிடம் ஊறட்டும். கழுத்து, அக்குள் மட்டும் கசக்கினால் போதும். இரண்டு தடவை அலசுங்கள். சன்ஸ்கிரீன் பட்ட மஞ்சள் கறை இருந்தால் ப்ளீச் பக்கம் போகாதீர்கள். பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் அவோபென்சோன் என்ற பொருள் தண்ணீரில் இருக்கும் இரும்போடு சேர்ந்து துருக் கறையாகிறது, குளோரின் ப்ளீச் அதை இன்னும் அழுத்தமாக்கும். சாப்பிடப் போவதற்கு முன்பே அந்த இடத்தில் திரவ சோப்பைத் தடவி வைத்தால் பாதி கறை இறங்கிவிடும்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். முறுக்கிப் பிழியாதீர்கள், அழுத்தி வடியுங்கள். பிறகு உலர்ந்த பெரிய டவலைக் கட்டிலில் விரித்து, டீ-ஷர்ட்டை அதன்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டித் தரையில் வைத்து முழங்காலால் ஏறி அழுத்துங்கள், அரை நிமிடம். டவல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் மேலே சொன்ன 6–8 மணி நேரம் பத்து, பன்னிரண்டுக்குப் போகும். காலையில் ஈரச் சட்டையோடு நிற்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவிர்த்தவர்கள்தான். ஸ்டூவர்டிடம் கூடுதலாக இரண்டு டவல் கேட்டு வையுங்கள், கொடுப்பார்கள்.

குளிக்கும் இடத்தின் சுவரில் வட்டமாக ஒரு குமிழ் பெரும்பாலும் இருக்கும். அதை இழுத்தால் உள்ளிருந்து கயிறு வரும், எதிர்ச்சுவர்க் கொக்கியில் மாட்டலாம். அதுதான் கப்பலின் கொடி. ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். பாரம் ஏற்றினால் தொய்ந்து துணிகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒட்டிய இடம் காயாது. டீ-ஷர்ட்டுகளை ஹேங்கரில் போட்டு நான்கு விரல் இடைவெளி விடுங்கள். குளியலறைக் கதவைக் கால்வாசி திறந்தே வையுங்கள். ஏசி அறையின் காற்று ஈரம் குறைந்தது. குளியலறையின் காற்று உறிஞ்சி இரவு பகலாக ஓடும். கதவு திறந்திருந்தால் அந்த உலர்ந்த காற்று துணியைத் தொட்டுக்கொண்டே வெளியேறும். கதவை மூடினால் ஓட்டம் குறைந்து, ஈரம் அங்கேயே தங்கும்.

இடம் போதாவிட்டால் காந்தக் கொக்கி. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு, அதனால் ஒட்டும். ஆனால் சுவரில் பக்கவாட்டாக மாட்டும்போது அட்டையில் எழுதியிருக்கும் பாரத்தைத் தாங்காது, வழுக்கி இறங்கும். கூரையும் எஃகாக இருந்தால் அங்கே மாட்டுவது உறுதி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் தீயணைப்புத் தெளிப்பான் ஹேங்கர் மாட்டுவதற்குத் தோதாக ஆசை காட்டும். அதில் கை வைக்காதீர்கள். உடைந்தால் அறை முழுக்கத் தண்ணீர்தான், உங்கள் பெட்டி உட்பட.

இஸ்திரிப்பெட்டியும் நீராவி அயர்னும் தீ அபாயம் என்பதால் ஏறும்போதே பறிமுதலாகும். எடுத்துப் போவதில் பயனில்லை. விருந்து இரவுக்குச் சுருக்கம் இல்லாத சட்டை வேண்டும் என்றால் அந்த ஒன்றை மட்டும் லாண்டரியில் அயர்னுக்குக் கொடுத்துவிடலாம், துவைக்கும் விலையைவிடக் குறைவு. ஹேர் டிரையரை ஈரத் துணியில் வைத்து ஊதுவதும் வேண்டாம். சூடேறித் தானாக நின்றுவிடும், சாக்ஸ் அப்படியே ஈரமாக இருக்கும்.

இத்தனையும் ராத்திரிக்கு இருபது நிமிட வேலை. அதைச் செய்ய அலுப்பு என்றால், குடும்பத்தில் நான்கு பேர் என்றால், கப்பலில் மெஷினும் இருக்கிறது என்றால், தயங்காமல் மெஷினுக்குப் போங்கள். ஒரு குழந்தை ஒரு நாளில் அழுக்காக்குவது வாஷ்பேசின் கொள்ளளவைத் தாண்டிவிடும். பிரின்சஸில் 15 பயணமோ 150 நாளோ முடித்து எலீட் நிலைக்கு வந்தவர்களுக்கு லாண்டரியே இலவசம். அவர்கள் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கவே வேண்டியதில்லை.

பத்து இரவுப் பயணத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அலசினால் போதும். ஐந்தாம் ஆறாம் நாள் பை. கடைசியாகத் துவைப்பது இறங்குவதற்கு இரண்டு இரவு முன்பு. பெட்டியைச் சுமந்து இறங்குகிறவர்களைத் தவிர மற்றவர்கள் கடைசி இரவு பத்து, பதினோரு மணிக்குள் பெட்டியைப் பூட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அன்றைக்குத் துவைத்தால் ஈரத்துணி கைப்பையில்தான் ஊருக்கு வரும்.