அப்பாவின் 2017 க்ரெட்டா, என் 2021 க்ரெட்டா: இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிய அனுபவம்

எங்கள் குடும்பத்தில் இரண்டு ஹூண்டாய் க்ரெட்டா இருக்கின்றன. அப்பா 2017-ல் எடுத்தது திருநெல்வேலி வீட்டில் நிற்கிறது. நான் 2021-ல் எடுத்தது சென்னையில். ஊருக்குப் போனால் அங்குள்ள ஓட்டமெல்லாம் அப்பா வண்டியில்தான். அவர் சென்னைக்கு வந்தால் என் சாவி அவர் கைக்குப் போய்விடும். அப்பா வண்டி 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது, என்னுடையது 78,000. பழைய மாடலையும் புதிய மாடலையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி ஓட்டும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது என்பதால் எழுதி வைக்கிறேன். செகண்ட் ஹேண்டில் எந்த வருட க்ரெட்டா எடுக்கலாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது உதவும்.

முதலில் எந்த மாடல் எது என்று சொல்லிவிடுகிறேன், இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. இந்தியாவில் முதல் க்ரெட்டா 2015 ஜூலையில் வந்தது. 2018 மே மாதம் சன்ரூஃப் சேர்த்து லேசாக மெருகேற்றினார்கள். முழுக்க மாறிய இரண்டாம் தலைமுறை 2020 மார்ச் 16-ல் வந்தது, ஊரடங்குக்குச் சரியாக ஒன்பது நாள் முன்பு. 2024 ஜனவரியில் அதன் முகமும் டேஷ்போர்டும் மாறின. அப்பாவுடையது சன்ரூஃப் வருவதற்கு முந்தைய 1.6 டீசல் மேனுவல், என்னுடையது 1.5 டீசல் ஆட்டோமேட்டிக். இரண்டுமே எஸ்எக்ஸ் ஆப்ஷனல் என்கிற உயர்ந்த வேரியன்ட். கியர் வேறு என்பதால் இது ஒன்றுக்கொன்று சரிநேர் ஒப்பீடு ஆகாது, அதை மனதில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தவை. பெங்களூர் ஹைவேயில் போகும்போது டிரெய்லரில் புது க்ரெட்டாக்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

எஞ்சினைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். பழைய 1.6 டீசல் 128 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர் டார்க். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 என்கிற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானபோது அந்த எஞ்சின் விடைபெற்றது. அதன் இடத்தில் வந்த 1.5 டீசல் 115 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் 13 குதிரை குறைவு. ரோட்டில் அந்தக் குறை எங்கே தெரியும் என்று கேட்டால், நாலுவழிச் சாலையில் தெரியாது. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை, திருச்சி, மதுரை வழியாக நெல்லை வரை 100-ல் சீராகப் போகும்போது இரண்டும் ஒன்றுதான். என் வண்டி கூடுதல் அமைதி, அவ்வளவே. அம்பாசமுத்திரம் பக்கத்து ரோட்டில் முன்னால் வாழைத்தார் லாரி, எதிரே தூரத்தில் பஸ், நடுவே கிடைக்கும் இடைவெளியில் தாண்ட வேண்டும் என்று வரும்போதுதான் 1.6-ன் குணம் புரியும். மூன்றாவது கியர் போட்டு 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் மிதித்தால் முதுகை சீட்டோடு அழுத்தித் தள்ளும் ஒரு வேகம் வரும். ஒன்பது வயதான வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் வண்டியில் அதே வேலைக்கு நான் முன்கூட்டியே ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வேன். தாண்டும், பத்திரமாகவே தாண்டும். ஆனால் அந்தத் தள்ளலின் சுகம் அப்பா வண்டிக்கே உரியது.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது கதை மாறுகிறது. வளைவுக்கு வளைவு இரண்டா மூன்றா என்று கியரைத் தேடும் வேலை ஆட்டோமேட்டிக்கில் இல்லை. சிக்ஸ் ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் என்பதால் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுத்தாலும் நிதானமாக நகர்கிறது. இறங்கும்போது மட்டும் டி-யிலேயே விட்டுவிடாதீர்கள். லிவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ பிடித்துக்கொண்டால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக் சூடாகாது. ஆட்டோமேட்டிக் எடுத்த பலர் இதைச் செய்வதில்லை. பூம்பாறை ரோட்டில் பிரேக் கருகும் வாடையை நானே பல வண்டிகளிலிருந்து முகர்ந்திருக்கிறேன்.

சென்னை ஓஎம்ஆரில் மாலை ஆறரை மணிக்கு இரண்டையும் ஒப்பிடுவதே நியாயம் இல்லை. ஆட்டோ ஹோல்டு போட்டுவிட்டால் சிக்னலில் காலை பிரேக்கிலிருந்தே எடுத்துவிடலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கிளட்ச் மிதித்த இடது முழங்கால் இன்று எனக்கு நன்றி சொல்கிறது. அப்பாவுக்கு முதல் நாள் சிரமமாகத்தான் இருந்தது. கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டார், நல்லவேளை பின்னால் வண்டி எதுவும் இல்லை. வயதானவர்களுக்கு முதன்முறை ஆட்டோமேட்டிக் கொடுப்பவர்கள், இடது காலை மடக்கி சீட்டுக்குக் கீழே வைக்கச் சொல்லி, காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் பழக்குங்கள். ரோட்டில் பழகக் கூடாது.

மைலேஜ். அராய் என்கிற வாகனச் சோதனை அமைப்பின் சான்றிதழில் அப்பாவுடையது லிட்டருக்கு 19.67 கி.மீ., என்னுடையது 18.5. இரண்டையும் டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் ஹைவேயில் அவருக்கு 17.8, எனக்கு 17. சிட்டியில் எனக்கு 12.5 கிடைக்கிறது. 1.5 மேனுவலின் அராய் கணக்கு 21.4, அதனால் மைலேஜ்தான் முக்கியம் என்பவர்கள் அதைத் தேடலாம். டேங்க் கொள்ளளவு 55 லிட்டரிலிருந்து 50 ஆகிவிட்டது. ஐந்து லிட்டர் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் சென்னையிலிருந்து நெல்லை போய்ச் சேரும்போது அப்பா வண்டியில் 20 லிட்டர் மிச்சம் இருக்கும், ஊருக்குள் நாலு நாள் கவலையில்லாமல் சுற்றலாம். என் வண்டியில் போய் இறங்கிய மறுநாளே பெட்ரோல் பங்க்குக்குப் போய் நிற்கிறேன்.

பிஎஸ்6 டீசலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இது எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும். இவற்றின் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்கிற கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துத் தள்ளும், அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கோயில், மார்க்கெட் என்று தினம் மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அந்தச் சூடு வராது, கரி அடைத்துக்கொள்ளும். நான் வாரம் ஒருமுறை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருவதற்குக் கடற்கரைக் காற்று மட்டும் காரணம் இல்லை. ஓட்டம் குறைவாக உள்ளவர்கள் தயவுசெய்து பெட்ரோல் எடுங்கள். அப்பாவின் பிஎஸ்4 வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது, பத்து நாள் ஷெட்டில் கிடந்தாலும் சாவி திருப்பிய உடனே எழுந்துவிடும்.

இப்போது பின் சீட்டுக்கு வருகிறேன், எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதப்படுவது அங்கேதான். அம்மாவுக்கு மூட்டு வலி. வண்டியில் அதிக நேரம் உட்காருவதும் அவர்தான். புதிய மாடலில் வீல்பேஸ் 2,590 மி.மீ.யிலிருந்து 2,610 ஆனது. வெறும் 20 மி.மீ., விரல் அகலம். அகலம் 10 மி.மீ. கூடியிருக்கிறது. ஷோரூமில் இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, என் கவனமெல்லாம் 10.25 அங்குல ஸ்க்ரீனிலும் போஸ் ஸ்பீக்கரிலும் இருந்தது. இரண்டு வண்டியிலும் பலமுறை அம்மாவை அழைத்துப் போன பிறகுதான் தெரிந்தது. என் வண்டியில் அவர் மதுரை வரை காலை நீட்டி மடக்கி உட்கார்ந்து வருகிறார், தலையைச் சாய்க்க ஹெட்ரெஸ்ட்டில் குட்டி மெத்தை இருக்கிறது. அப்பா வண்டியில் விராலிமலை தாண்டியதும் “எய்யா, எங்கயாவது ஓரமா நிப்பாட்டு” என்பார்.

அதைவிடப் பெரிய விஷயம், பின் கதவுக் கண்ணாடிக்குக் கொடுத்திருக்கும் இழுத்து மாட்டும் வலைத்திரை. சென்னையிலிருந்து தெற்கே போகும்போது மதியத்துக்கு மேல் வெயில் முழுக்க வலது பக்கம்தான் அடிக்கும். கறுப்பு ஃபிலிம் ஒட்ட 2012-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டதிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம், ஜன்னலில் ஈரத்துண்டைச் செருகிக் கண்ணாடியை ஏற்றுவது. துண்டு காற்றில் நழுவும், அம்மா பாதி வழி அதைப் பிடித்துக்கொண்டே வருவார். இப்போது திரையை இழுத்துக் கொக்கியில் மாட்டினால் முடிந்தது. இருபது லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியில் ஐந்து வருடமாக ஒவ்வொரு பயணத்திலும் பயன்பட்டது இந்த வலைத்துணிதான்.

பனோரமிக் சன்ரூஃபுக்காகவே என் மகன் இந்த வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தான். நம் ஊர் வெயிலில் அதன் உள்திரை பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. கொடைக்கானலில் ஒரு மாலை, மழை விட்ட நேரத்தில் கண்ணாடியை மட்டும் மூடிவைத்துத் திரையைத் திறந்தோம். மேலே பைன் மரங்கள் நகர்ந்து போவதை எல்லோரும் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தோம். அந்த அரைமணி நேரம் பொன்னானது. ஆனால் ஓடும் வண்டியில் பிள்ளைகளை அதன் வழியே எழுப்பி நிற்க வைப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஒரே ஒரு சடன் பிரேக் போதும்.

டிக்கி 402 லிட்டரிலிருந்து 433. ஊரிலிருந்து திரும்பும்போது இரண்டு பெரிய சூட்கேஸ், 25 கிலோ அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, உடன்குடிக் கருப்பட்டிப் பெட்டி எல்லாம் வைத்து மூடிவிடலாம். அப்பா வண்டியில் தேங்காய் மட்டும் காலடிக்கு வந்துவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் மனதில் உள்ளதைச் சொல்லியே ஆக வேண்டும். 2022 ஏப்ரலில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, இரண்டு ஏர்பேக் உள்ள இரண்டாம் தலைமுறை க்ரெட்டாவை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கு 3 ஸ்டார், குழந்தைகளுக்கு 3 ஸ்டார். வண்டியின் உடற்கூடு உறுதியற்றது என்றும் குறித்தார்கள். என் வண்டியில் ஆறு ஏர்பேக் உண்டு, ஆனாலும் அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் பிறகு பின் சீட்டிலும் பெல்ட் போடாமல் வண்டி நகராது என்று சொல்லிவிட்டேன். என் வருட மாடலில் பின்னால் நடுவில் உட்காருபவருக்கு இடுப்பு பெல்ட் மட்டுமே என்பதால் அங்கே குழந்தையை உட்கார வைப்பதில்லை. 90-ஐத் தாண்டுவதையும் குறைத்துக்கொண்டேன். 2024 மாடலில் ஆறு ஏர்பேக்கும் எல்லோருக்கும் மூன்றுமுனை பெல்ட்டும் அடிப்படை வேரியன்டிலிருந்தே வருகின்றன. என்னைக் கேட்டால், 2024 மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க முதல் காரணம் இதுதான்.

அந்த 2024 மாடல் அத்தானிடம் இருக்கிறது. டீசல் எஞ்சின் என்னுடையதேதான், ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. போன தீபாவளிக்கு ஒரு வாரம் ஓட்டினேன். ஏடாஸ் என்று சொல்லும், ஓட்டுநருக்கு உதவும் லெவல் 2 வசதிகளில், முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ், விழுப்புரம் தாண்டிய காலி ரோட்டில் அருமை. ஊர்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில் எதிர்த்திசையில் பைக் வரும், நடுவில் ஆடு குறுக்கே வரும், அங்கே நான் அதை அணைத்துவிட்டேன். உண்மையில் எனக்குப் பொறாமை வந்தது 360 டிகிரி கேமராவைப் பார்த்துத்தான். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் திண்ணை, நடுவே ஒரு வண்டி நுழையும் அளவு வழி. அதில் அக்காவே ஒரு கீறல் இல்லாமல் ரிவர்ஸில் வெளியே எடுத்துவிட்டாள்.

செகண்ட் ஹேண்ட் கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இது. மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவீர்கள், பெரும்பாலும் ஹைவே, ஓட்டுவதே உங்களுக்குப் பிடிக்கும் என்றால், சர்வீஸ் ரெக்கார்டு சரியாக உள்ள 1.6 டீசல் மேனுவலைத் தேடிப் பிடியுங்கள். கிளட்ச் எப்போது மாற்றியது, டர்போ பக்கம் எண்ணெய்க் கசிவு உண்டா என்பதைத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போய்ப் பாருங்கள். அப்பா வண்டிக்கு 94,000-ல் கிளட்ச் மாற்றினோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் 2020-க்குப் பிந்தையது. சின்னக் குழந்தைகள் இருந்தால் கொஞ்சம் பொறுத்திருந்து 2024.

அப்பாவிடம் அவர் வண்டியைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டேன். “ஏல, அது ஓடுத வரைக்கும் ஓடட்டும்” என்றார். வருகிற பொங்கலுக்கு இரண்டு வண்டியும் சேர்ந்து பாபநாசம் போகின்றன. அப்பா 1.6-ல் முன்னால் போவார். அம்மா என் வண்டியில் வலது பக்கம், திரைக்குப் பக்கத்தில்.