உளி தீட்ட எந்தக் கல், துருவைத் தடுக்க எந்த எண்ணெய்?

கோயம்புத்தூர்ப் பட்டறையில் 11 வருடம் நகையில் கல் பதிக்கும் வேலை பார்த்தேன். துரு என்றால் என்னவென்று சென்னையில் கடலோரத் திருவொற்றியூருக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோயம்புத்தூரில் மேசைமேல் போட்டுவிட்டுப் போன சுத்தியல் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தாலும் அப்படியேதான் கிடக்கும். இங்கே வீட்டு முன்னறையில் பட்டறை போட்ட முதல் ஐப்பசியில், ராத்திரி துடைக்காமல் விட்ட, தகடு வைத்து அடிக்கிற ஸ்டீல் கட்டையைக் காலையில் எடுத்தால் அதன்மேல் என் கட்டைவிரல் ரேகை பழுப்பு நிறத்தில் அச்சுக் குத்தினாற்போல் நிற்கிறது. ஒவ்வொரு வரியையும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. விரல் வியர்வையில் இருந்த உப்பு போதும், மிச்சத்தைக் கடல் காற்றின் ஈரம் பார்த்துக்கொண்டது. அதற்கப்புறம் கிடைத்த கல், எண்ணெய், மெழுகு எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எது நின்றது, எது ஏமாற்றியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தீட்டுவது தனி வேலை, துரு தடுப்பது தனி வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சொரசொரப்பாகத் தீட்டிய முகத்தில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும், ஈரமும் அழுக்கும் அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காரும். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய முகத்தில் ஈரம் தங்க இடமே குறைவு. அதனால் நல்ல கல்லில் தீட்டிய உளி கூர்மையாகவும் இருக்கும், துருவும் தாமதமாகத்தான் பிடிக்கும். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சரி, கல்லுக்கு வருவோம்.

நான் பழகியது எண்ணெய்க்கல்லில். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, ஒரு பக்கம் கரகரப்பும் மறுபக்கம் நயமுமாக இருக்கிற கருஞ்சாம்பல் கல். பெரும்பாலும் அது கார்போரண்டம், அதாவது சிலிக்கான் கார்பைடு. அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் என்பவர் 1890களின் தொடக்கத்தில் உண்டாக்கிய பொருள். 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் ஆலை எங்கள் திருவொற்றியூரிலேயே இருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் முதல் கல் ஞாபகம் வரும். இந்தக் கல் வேகமாக அரிக்கும், முனை உடைந்த உளியைச் சீக்கிரம் வழிக்குக் கொண்டுவரும். ஆனால் இதிலேயே வேலையை முடித்துவிட்டால் உளி முகத்தில் கோடு நிற்கும். அந்தக் கோடு அப்படியே தங்கத்தில் இறங்கும். பிரைட் கட் (பளபளப்பு வெட்டு) போடும்போது வெட்டின முகம் பளிச்சென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காமல் மங்கலாக இருந்தால், கையைக் குறை சொல்ல வேண்டாம், உளியின் முகத்தை லென்ஸில் பாருங்கள்.

ஜப்பான் தண்ணீர்க் கல்லை யூடியூபில் கத்தி தீட்டுகிறவர்களைப் பார்த்துத்தான் வாங்கினேன். 1000, 6000 என்று இரண்டு, எண் ஏற ஏறக் கல் நயம். சமையல் கத்திக்கு அதைவிட நல்ல கல்லை நான் பார்த்ததில்லை. நம் உளிக்கு அது சரிப்படவில்லை, இரண்டு காரணம். கல் மெத்து, உளி முனை ஊசி மாதிரி ஒடுக்கம், நாலு இழுப்பு இழுத்தாலே கல்லில் வாய்க்கால் விழுந்துவிடுகிறது. அப்புறம் அந்த வாய்க்காலில் உளி உருண்டு முகமே வளைந்துவிடும். இன்னொன்று தண்ணீர். கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு கார்பன் ஸ்டீலைத் தண்ணீரில் நனைத்துத் தீட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் ஓரத்தில் பழுப்பு படரத் தொடங்கிவிடும். உள்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவாக இருக்கலாம், வாய்க்கால் தொல்லை எல்லோருக்கும் ஒன்றுதான்.

டைமண்ட் தகடுதான் என் வேலையை மாற்றியது. எஃகுத் தகட்டின்மேல் வைரத்தூள் பதித்தது. குழி விழாது, தட்டையாகவே இருக்கும், எண்ணெய் வேண்டியதில்லை, வெறும் தண்ணீர் ஒரு சொட்டு போதும், துடைத்துவிட்டால் முடிந்தது. 600இல் வடிவம் கொண்டுவந்து 1200இல் சமன் செய்கிறேன். ஹைஸ்பீடு ஸ்டீல் (சூடு தாங்குகிற கலப்பு எஃகு) உளிக்கு இது ரொம்ப நல்லது. எஃகைவிடக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு உளி வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் சரி, வைரம் அதை நன்றாக அரிக்கும். ஒரு எச்சரிக்கை, அழுத்தாதீர்கள். எண்ணெய்க்கல்லில் அழுத்திப் பழகிய கை இதிலும் அழுத்தும், அழுத்தினால் வைரத்தூள் பிடி விட்டுக் கழன்றுபோகும், அப்புறம் தகடு மொட்டை. என் முதல் தகடு ஆறே மாதத்தில் நடுப்பகுதி வழுவழுத்துப் போனது அப்படித்தான், தகட்டின்மேல் தப்பில்லை.

கடைசி மெருகுக்கு நான் திரும்பத் திரும்பப் போவது அர்க்கன்சாஸ் கல்லுக்கு. அமெரிக்காவில் அந்தப் பெயருள்ள மாநிலத்தில் வெட்டி எடுக்கிற இயற்கைக் கல், முழுக்கச் சிலிக்கா. மெதுவாகத்தான் அரிக்கும், ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு இன்னும் மெதுவு, கார்பைடில் ஒன்றும் நடக்காது. ஆனால் கார்பன் ஸ்டீல் உளியை மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இந்தக் கல்லில் பத்து இழுப்பு இழுத்தால் முகம் கறுத்துத் தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாகிவிடும். கை ஓய்ந்த நேரத்தில் செய்கிற வேலை, அவசரத்துக்கு ஆகாது. வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கண்ணாடித் துண்டின்மேல் 2000 உப்புத்தாளை ஒட்டி அதில் நயமாக்கிவிட்டு, வழவழப்பான அட்டையில் டைமண்ட் பேஸ்ட் தடவிப் பின்பக்கமாக மட்டும் இழுத்தால் கிட்டத்தட்ட அதே முகம் கிடைக்கும். தாள் கொஞ்சம் அமுங்கும், அதனால் ஓரம் லேசாக உருளும், அவ்வளவுதான் வித்தியாசம். வேலை பழகுகிற பிள்ளைகளுக்கு இதையே சொல்கிறேன்.

மோட்டார் சாணையை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே மாட்டேன். புது உளியின் நீளத்தைக் குறைக்கவும் முதுகைச் சரிக்கவும் மட்டும் அது. கார்பன் ஸ்டீல் 220 டிகிரி தாண்டினால் வைக்கோல் நிறம், 300 வாக்கில் நீலம். முனையில் நீலம் தெரிந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், எவ்வளவு தீட்டினாலும் நாலு கல் பதிப்பதற்குள் மழுங்கும். நான் அப்படி மூன்று உளியைப் பாழாக்கி, மூன்றிலும் நீலம் போகிற வரை நீளத்தை வெட்டி எறிந்தேன். ஹைஸ்பீடு ஸ்டீல் இந்தச் சூட்டையெல்லாம் தாங்கும், 500 டிகிரியிலும் அதன் பதம் நிற்கும், அதனால்தான் சாணையை விட மனசில்லாதவர்களுக்கு அதையே வாங்கச் சொல்கிறேன்.

கூர்மை வந்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி எங்கள் பத்தரய்யா காட்டியதுதான். உளி முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்வாக, எடை போடாமல் வைக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் தீட்டணும். நகத்தில் கடித்து நின்றால் போதும். "வழுக்குதா கண்ணு? அப்ப கல்லு மேலயும் வழுக்கும், கையில ஏறும்" என்பார். அதோடு நான் சேர்த்துக்கொண்டது விளக்கு. முனையை விளக்குக்கு நேராகப் பிடித்து லென்ஸில் பார்த்தால், மழுங்கின முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். கூரான முனையில் மின்ன இடமே இருக்காது.

இனி துரு. இங்கே எனக்கு அபிப்பிராயம் கொஞ்சம் கறார்.

தேங்காயெண்ணெய் பட்டறைகளில் காலங்காலமாகத் தடவுகிறார்கள், கையோடு கிடைக்கிறது, வாசனை நன்றாயிருக்கிறது. தினமும் எடுத்துப் புழங்குகிற சாமானுக்குப் பாதகமில்லை. எடுத்து வைத்துவிடுகிற சாமானுக்கு வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் சிக்கு வாடை வரும், எண்ணெய் கெட்டு அமிலம் விடும், பித்தளைப் பிடியில் பச்சை பூப்பது அதனால்தான். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காய்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும், கொறட்டின் ஆணியில் விட்டால் ஒரு வருடத்தில் திறக்க வராது. விளக்கெண்ணெய் காயாது, கெட்டியாக நிற்கும், தாவர எண்ணெயில் ஒன்றைத்தான் பிடிப்பேன் என்றால் அதைப் பிடியுங்கள். இவை எல்லாவற்றையும்விடத் தையல் மெஷின் எண்ணெய் மேல். கனிம எண்ணெய் என்பதால் கெடாது, மெல்லிசாகப் படரும், வேலைக்கு முன் துணியால் ஒரு துடைப்பில் போய்விடும். துடைக்காமல் வேலையில் இறங்காதீர்கள், பற்றவைக்கிற இடத்தில் எண்ணெய் பட்டால் பொடி (பற்றவைக்கிற உலோகம்) உருகி ஓடாது.

டபிள்யூடி 40ஐப் பலர் துருத் தடுப்பு எண்ணெய் என்றே நினைக்கிறார்கள். 1953இல் அதை உண்டாக்கியது ஈரத்தை விரட்டத்தான், பெயரிலேயே அந்த அர்த்தம் இருக்கிறது, 40 என்பது நாற்பதாவது முயற்சி. மழையில் நனைந்த சாமானுக்கும் தண்ணீர் பட்ட கொறட்டுக்கும் அதை அடித்து ஈரத்தை வெளியேற்றுங்கள். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மிஞ்சுகிற படலம் மெல்லிசு. என் அனுபவத்தில் இந்தக் காற்றில் அதை மட்டும் நம்பி இரண்டு வாரம் விட முடியாது. மேலே மெஷின் எண்ணெய் ஒரு கை போட வேண்டும்.

சுத்தியலுக்கும் ஸ்டீல் கட்டைக்கும் எண்ணெயைவிட மெழுகு நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணெய் தூசியைப் பிடிக்கும், அந்தத் தூசி தகட்டில் அமுங்கும். மெழுகு காய்ந்த படலமாக நிற்கும், கை பட்டாலும் ரேகை விழாது. தேன்மெழுகைக் கொஞ்சம் டர்பன்டைனில் கரைத்து வைத்துக்கொண்டு, துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, காய்ந்ததும் இன்னொரு துணியால் மெருகு போடுகிறேன். சுத்தியல் முகத்தில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், அதில் கடுகளவு துருக்குழி விழுந்தால்கூட வெள்ளித் தகட்டில் அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் ஒரு பரு எழும்பும். நூறு அடிக்கு நூறு பரு. அதைத் தேய்த்து எடுக்கிற நேரத்தில் சுத்தியலை ஒரு வருடத்துக்குப் பராமரித்துவிடலாம்.

அரத்துக்கு எண்ணெயும் கூடாது, மெழுகும் கூடாது. பல்லுக்குள் தூள் அப்பிக்கொண்டு அரம் வழுக்கும். இதற்குக் காற்றில் பரவுகிற காவல்தான் சரி, அதில் மூன்றை வைத்துப் பார்த்தேன். சூடம் பழைய வழக்கம், மூடிய மரப்பெட்டியில் இரண்டு வில்லை போட்டு வைத்தால் ஓரளவு காக்கிறது, ஆனால் கரைந்துபோனதைக் கவனிக்காமல் விட்டால் அத்தோடு சரி. சிலிக்கா ஜெல் பெட்டியின் ஈரத்தையே உறிஞ்சுகிறது, நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், சமையல் சட்டியில் மட்டும் வறுக்காதீர்கள், நீல நிறத்தில் இருப்பது கோபால்ட் உப்பு. பெட்டி காற்றுப் புகாமல் மூடவில்லை என்றால் அது தெருவின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு மூன்று நாளில் ஓய்ந்துவிடும். மூன்றாவது, மெஷின் உதிரி பாகங்களைச் சுற்றிவருகிற விசிஐ காகிதம், அதிலிருந்து கிளம்புகிற ஆவி இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. என் அரங்கள் நாலு மழைக்காலமாக இந்தக் காகிதத்தில் சுருட்டி பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன, ஒன்றில்கூடப் பழுப்பு இல்லை. செம்பு, பித்தளை சாமானை மட்டும் அதோடு போடுவதில்லை.

எந்த எண்ணெயும் எந்தக் காகிதமும் தோற்றுப்போகிற ஒரு இடம் உண்டு. தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகத்தையோ வேறு ஆசிட்டையோ அதே அறையில் திறந்து வைத்தால், கிளம்புகிற புகை ஒரே ராத்திரியில் எல்லா இரும்பையும் தின்றுவிடும். ஒரு தடவை மூடி சரியாக முறுகாமல் விட்டதில் கம்பி இழுக்கிற தட்டின் ஓட்டையெல்லாம் செம்மண் பூசினமாதிரி ஆகிவிட்டது. மறுநாளே ஆசிட் பாட்டில் பின்கட்டுக்குப் போனது. கம்பி இழுக்கிற தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பெரிய ஓட்டைகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, ஆப்பசோடாத் தண்ணீரில் அலசி, நூலில் டைமண்ட் பேஸ்ட் தடவி உள்ளே இழுத்து இழுத்து மீட்டுவிட்டேன். சின்ன ஓட்டை ஏழில் கம்பி இன்னும் கீறிக்கொண்டுதான் வருகிறது.