கடல் அட்டை வழக்குகள் குறித்த ஆய்வுக் கட்டுரையை எந்தச் சட்ட இதழுக்கு அனுப்புவது?

கடல் அட்டை என்னும் கடலடி உயிரினம் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின், உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பதப்படுத்திய கடல் அட்டையுடன் பிடிபடுபவர் அதைச் சட்டவிரோதமாகவே வைத்திருந்தார் என்று 57ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. தண்டனையோ குறைந்தது 3 ஆண்டுச் சிறை. இந்த அனுமானம் இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், வேதாளை, கீழக்கரைப் பகுதி வழக்குகளில் எவ்வாறு செயல்படுகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்தபோது, என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பன்னாட்டுப் பதிப்பகம் சந்தா முறையில் வெளியிடும், பெயர் மறைத்த நிபுணர் மதிப்பீடு கொண்ட இதழ். மற்றொன்று, தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து நடத்தும், இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ். இராமநாதபுரத்தில் வழக்கறிஞராக இருக்கும் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன்.

மதிப்பைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 1887இல் தொடங்கிய ஹார்வர்ட் லா ரிவ்யூவே மாணவர்கள் நடத்தும் இதழ்தான். பிற துறைகளில் மாணவர் இதழுக்கு இருக்கும் தாழ்வு சட்டத்துறையில் இல்லை. பதவி உயர்வை எதிர்நோக்கும் பேராசிரியர்களின் கணக்கு வேறு. பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்த இதழ்களின் 'கேர்' பட்டியலை 2025இல் கைவிட்ட பிறகும், தேர்வுக் குழுக்களில் ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு இதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலுக்கு உள்ள செல்வாக்கு குறையவில்லை என்றே நண்பர்கள் சொல்கிறார்கள்.

திருத்தத்தின் தரத்தில் இரண்டும் வெவ்வேறு வகையில் உதவுகின்றன. துறையில் பழுத்த மதிப்பீட்டாளர் வாதத்தின் அடித்தளத்தையே சோதிப்பார். அந்தப் பலனை மாணவர் குழுவிடம் முழுமையாக எதிர்பார்க்க முடியாது. ஆனால் மாணவர்கள் ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டார்கள். நீதித்துறை நடுவர் மன்ற ஆணைகளின் நகல்களைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். விசைப்படகின் இழுவை மடியில் (இழுவை வலையில்) மற்ற மீன்களோடு கடல் அட்டையும் தானாக ஏறிவரும் என்பதைக் கடலோரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாணவர்களுக்கு அதை விளக்கியபோது கட்டுரையின் அந்தப் பகுதி முன்பைவிடத் தெளிவடைந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வெளிவந்த பிறகு கட்டுரையை யார் திறந்து படிக்க முடியும் என்பது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிக்கும், இராமநாதபுரம் அரசு சட்டக் கல்லூரி மாணவருக்கும் அது உதவலாம். இராமேஸ்வரம் நீதிமன்றத்தில் ஒரு மீனவருக்காக ஜாமீன் மனு தாக்கல் செய்யும் இளம் வழக்கறிஞரோ, மீனவர் சங்கச் செயலாளரோ அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. 57ஆம் பிரிவின் அனுமானத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்ற கேள்வி அவர்களுடையது. விடை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தால், கட்டுரை எழுதப்பட்ட நோக்கமே நிறைவேறாது.

இதற்கு இரண்டு மாற்றுகள் சொல்லப்படுவதுண்டு. சந்தா இதழிலேயே பணம் செலுத்திக் கட்டுரையைத் திறந்துவிடலாம். அந்தக் கட்டணம் பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. அல்லது மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவத்தை ஆய்வுக் கட்டுரைகளை எவரும் படிக்க வைக்கும் எஸ்.எஸ்.ஆர்.என். இணையதளத்தில் ஏற்றலாம். இது செலவில்லாத, நல்ல வழிதான். ஆயினும் அந்த வடிவத்தில் மதிப்பீட்டாளர் செய்வித்த திருத்தங்களும் இதழின் பக்க எண்களும் இருக்காது. நீதிமன்றத்தில் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுபவருக்குப் பக்க எண் இன்றியமையாதது. திருத்தத்துக்குப் பின் இதழ் ஏற்றுக்கொண்ட வடிவத்தைப் பொது இணையக் களஞ்சியத்தில் வைக்க, பல பதிப்பகங்கள் 12 மாதம் அல்லது அதற்கு மேலும் காத்திருக்கச் சொல்கின்றன. ஆகவே எந்த இதழானாலும், அனுப்புவதற்கு முன்பே பதிப்புரிமை யாரிடம் இருக்கும், எந்த வடிவத்தை எப்போது பகிரலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கட்டுரை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் உரிமப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திடுபவர்கள் வழக்கறிஞர்களிலும் உண்டு.

பொருள் மாறினால் என் பரிந்துரையும் மாறும். கச்சத்தீவு தொடர்பான 1974, 1976 ஒப்பந்தங்களைப் பற்றி ஒருவர் எழுதினால், அவர் நம்பவைக்க வேண்டியவர்கள் பன்னாட்டுக் கடல்சட்ட அறிஞர்களும் வெளியுறவு அமைச்சகங்களின் சட்ட ஆலோசகர்களும்தான். அவர்களுக்குச் சந்தா ஒரு தடையாக இராது, நிபுணர் மதிப்பீட்டின் முத்திரையும் அங்கே எடைபோடப்படும். அப்படிப்பட்ட கட்டுரையை நானும் முதல் வகை இதழுக்கே அனுப்புவேன். அமெரிக்க மாணவர் இதழ்கள் ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்ப அனுமதிக்கின்றன. அந்த வழியில் நான் சென்றதில்லை என்பதால், இந்தியக் கடலோரச் சட்டத்தைப் பற்றிய கட்டுரைக்கு அங்கே எவ்வளவு வரவேற்பு இருக்கும் என்பதை அனுப்பிப் பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.